உழவுச் சாலும் சாஸ்திரச் சொல்லும்

ஒரு பாஷையில் சாஸ்திரம் வளரவேண்டுமாயின், அதற்கு வேண்டிய சொற்கள் அந்தப் பாஷையில் இருத்தல் வேண்டும். இதை மறுப்பார் எவருமிலர். அச்சொற்கள் எங்கிருந்து வரவேண்டும் என்பதிலேதான் நம்மவர்க்குள் நெடுங்காலமாக வழக்கு நடந்து வருகிறது. ஐரோப்பியச் சொற்களை அப்படியே தமிழெழுத்தில் எழுதிக்கொண்டால் போதும் என்பார் ஒரு சாரார். பழைய நிகண்டுகளைத் துருவி, எவருக்கும் விளங்காத சொல்லொன்றை எடுத்து நிறுத்தினாலொழியத் தமிழின் கௌரவம் நிலைக்காது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கண்ணெடுத்துப் பாராத இடம் ஒன்று உண்டு. அது ஏர் நடக்கும் வயல். உளி நடக்கும் பட்டறை. இதை ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு விளக்க விரும்புகிறோம். அதற்கு வேண்டிய சான்றுகள் யாவும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமே கிடைக்கின்றன.

நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘ஸ்டிரையேஷன்’ என்பது. பாறையின்மேலோ, படிகத்தின் முகத்திலோ, சிப்பியின் ஓட்டிலோ, உலோகத்தின் பரப்பிலோ, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நுண்ணிய பள்ளக் கோடுகளுக்கு மேனாட்டுச் சாஸ்திரிகள் இட்ட பெயர் இது. பூகர்ப்ப சாஸ்திரம், கனிஜ சாஸ்திரம், தேக தத்துவம், துப்பாக்கிக் குண்டுகளை ஆராய்ந்து குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் சாஸ்திரம் ஆகிய அனைத்திலும் இச்சொல் வழங்குகிறது. கல்லூரி மாணவன் இதைக் கேட்கும்போது, ஏதோ அரிய பெரிய தத்துவம் இதனுள் அடங்கிக் கிடப்பதாக எண்ணி மருளுகிறான். பொருள் விளங்காமலே நெட்டுருச் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிறான். அவன் மருளுவதற்கு யாதொரு காரணமுமில்லை. இச்சொல்லின் பிறப்பைக் கேட்டால் அவனுக்கே நகைப்புத் தோன்றும்.

சொல்லின் பிறப்பு

லத்தீன் பாஷையில் ‘ஸ்ட்ரியா’ என்றொரு சொல் உண்டு. பள்ளம், வாய்க்கால், சால் என்பன அதன் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ என்னும் ரோமானியர் தாம் எழுதிய வேளாண்மை நூலில், கலப்பையின் கொழு நிலத்தைக் கீறி உண்டாக்கும் பள்ளத்தை விளக்குமிடத்தில் இச்சொல்லை வழங்குகிறார். அதே நூற்றாண்டில் சிற்ப நூல் எழுதிய விட்ருவியஸ், கோயில் தூண்களில் மேலிருந்து கீழாக வெட்டப்படும் நீண்ட பள்ளங்களுக்கு இதே பெயரைச் சூட்டுகிறார். டோரிக் முறைத் தூணுக்கு இருபது சால்களும், அயோனிக் முறைத் தூணுக்கு இருபத்து நான்கு சால்களும் வேண்டுமென்பது அவர் விதி. அயோனிக் தூணின் சால்கள், குலமாதர் உடுத்தும் நீண்ட ஆடையின் மடிப்புகளைப் பின்பற்றியவை என்றும் அவர் கருதினார்.

ஆகவே, உழவனும் சிற்பியும் வழங்கிய சொல் அது. பிற்காலத்தில், 17-ஆம் நூற்றாண்டளவில், இயற்கைப் பொருள்களை நுணுகி ஆராயத் தொடங்கிய ஆங்கில நூலார் சிப்பிகளிலும் செடிகளிலும் கண்ட இணைகோடுகளைக் குறிக்க ஒரு பெயர் தேடினார்கள். அந்நாளில் கற்றோர் பாஷை லத்தீன். ஆதலின் அதிலிருந்து இந்தச் சாலை எடுத்து, விகுதி சேர்த்துக்கொண்டார்கள். ரோமாபுரியின் உழவன் வாயிலிருந்த சொல் லண்டன் பண்டிதரின் ஏட்டில் ஏறியவுடன் அதற்குக் கௌரவம் வந்துவிட்டது. நம் மாணவன் அஞ்சுவது அந்தக் கௌரவத்துக்கேயன்றிப் பொருளுக்கன்று.

இச்சொல் ஒன்றுதானா அப்படி? மூளையின் மேற்பரப்பிலுள்ள மடிப்புப் பள்ளங்களை வைத்தியர்கள் ‘ஸல்கஸ்’ என்பார்கள். அதுவும் லத்தீனில் உழவுச் சாலே. செய்யுளின் அடியைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலத்துக்கு, ஏர் வயலின் கோடியில் திரும்புதல், அவ்வாறு திரும்பி இட்ட சால் என்று பொருளுண்டு. ஜுர வேகத்தில் பிதற்றுவதற்கு வைத்தியர் இட்ட ‘டெலிரியம்’ என்ற பெயரோ, உழுகிறவன் சாலைவிட்டு விலகிப் போதலைக் குறித்த சொல்லினின்று வந்தது. போர்வீரன் கையிலுள்ள ‘ரைபிள்’ கூட, அதன் குழாயின் உட்புறத்தில் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டுள்ள சால்களால் பெற்ற பெயரே. கீறுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அதன் தாய். ஐரோப்பாவின் சாஸ்திர பரிபாஷை முழுவதும் இப்படி வயலிலும் பட்டறையிலும் விளைந்த தானியத்தைத் தன் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டதேயாகும்.

பாறை சொன்ன சரித்திரம்

இனி, இந்தச் சால்கள் சாஸ்திரத்துக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்தன என்பதைச் சற்றுக் கவனிப்போம். ஸ்விட்ஜர்லாந்து தேசத்து மலைகளில், பனிக்கட்டி ஆறுகள் இப்போது எட்டாத தூரத்திலும் பாறைகள் வழவழப்பாகத் தேய்ந்து, அவற்றின்மேல் இணையிணையாகச் சால்கள் ஓடுவதைக் கண்டவர் பலர். பனிக்கட்டி நகரும்போது அதன் அடியில் உறைந்து சிக்கிய கற்கள், தச்சன் இழைப்புளியைப் போலக் கீழ்ப்பாறையைக் கீறிக்கொண்டு செல்கின்றன. ஆகவே சால் உள்ள இடமெல்லாம் முன்னொரு காலத்தில் பனி மூடிய இடம் என்று கொள்ளவேண்டும். லூயி அகாஸி என்னும் அறிஞர் 1837-இல் இக்கொள்கையைப் பகிரங்கமாகச் சொல்லி, 1840-இல் நூலாகவும் வெளியிட்டார். பாறைமேல் ஓடிய கீறல் உலக சரித்திரத்தில் ஒரு பனி யுகத்தையே காட்டிக்கொடுத்தது.

நம் தேசத்துக்கும் இதில் பங்குண்டு. 1856-இல் வெளியான இந்திய பூகர்ப்ப இலாகாவின் அறிக்கையில், ஒரிஸ்ஸாவின் தால்சேர் நிலக்கரிப் பிரதேசத்தை ஆராய்ந்த பிளான்போர்டு சகோதரர்களும் தியோபால்டும் ஓர் அதிசயத்தைக் குறித்தார்கள். மிக நுண்ணிய களிமண் படிவத்துக்குள் பெரும் பெரும் உருண்டைக் கற்கள் புதைந்து கிடந்தன. இவ்வளவு பெரிய கற்களை உருட்டத்தக்க வெள்ளம் நுண்மண்ணை அங்கே தங்கவிடாது. ஆகையால் பனிக்கட்டியே அக்கற்களைச் சுமந்து வந்திருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். வெயில் கொளுத்தும் இந்தியாவில் பனிக்கட்டியா என்று நகைத்தவர்களுக்குப் பின்னர் ஒரு பாறையே விடை கூறிற்று. இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் ஜில்லாவில், பெண்கங்கை நதியை அடுத்த இரயி என்னும் சிற்றூரில், அந்த உருண்டைக்கல் படிவத்தின் அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறை, மெருகேறித் தேய்ந்து இணையான சால்களுடன் காணப்பட்டது. பெட்டன் என்பவர் 1875-இல் இதை விவரித்து எழுதினார்.

ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சால்கள் அவை. அவற்றைப் போன்றவை ஆஸ்திரேலியாவில் இன்மன் பள்ளத்தாக்கில் 1859-இலேயே ஸெல்வினால் காணப்பட்டிருந்தன, தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தன. கடல்களால் பிரிந்து கிடக்கும் இத்தேசங்களில் ஒரே காலத்துப் பனிச்சால்கள் எப்படி வந்தன? இத்தேசங்கள் யாவும் அக்காலத்தில் தென்துருவத்தை ஒட்டி ஒன்றாக இணைந்திருந்த ஒரே பெருநிலத்தின் பாகங்கள் என்பதே இன்று உலகம் ஒப்பிய விடை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் வெகனர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஆனால் அவர் காட்டிய சான்றுகளில் இந்தப் பனிச்சால்களும் முக்கியமானவை.

இங்கே நேயர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். ராஜபாளையத்தில் தோன்றி, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாகவும் முதன்மந்திரியாகவும் விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா, பின்னர் 1954 முதல் 1956 வரை கவர்னராக இருந்து நிர்வகித்த மாகாணம் அந்தத் தால்சேர் அடங்கிய ஒரிஸ்ஸாவேயாகும். மனிதருக்குத் தூரமென்று தோன்றும் ஊர்கள் பாறையின் சரித்திரத்தில் ஒரே நிலத்தின் துண்டுகள்.

நம் ஊரில் உள்ள சால்கள்

‘பனிச்சால் நம் ஜில்லாவில் இல்லையே, நாம் இதைப் படித்து என்ன பயன்?’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவன் கேட்கலாம். அவன் ஊரைவிட்டு ஒரு காத தூரமும் போகவேண்டியதில்லை.

மேற்கே மலையடிவாரத்தில் செம்மண். கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல். இக்கரிசல் மண்ணை ஆராய்வதற்கென்றே கோவில்பட்டியில் 1901-இல் விவசாய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. கோடையில் இம்மண் உலர்ந்து சுருங்கிக் கைநுழையும்படி வெடிக்கிறது. ஐப்பசி மழை விழுந்தவுடன் நீரைக் குடித்து வீங்குகிறது. வீங்கும் மண்ணுக்கு இடம் போதாமையால், நிலத்துக்கடியில் மண்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாக வழுக்கிக்கொண்டு நகருகின்றன. கரிசலில் ஆழமாகக் குழி தோண்டி ஒரு கட்டியைப் பிளந்து பார்த்தால், எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் முகமும் அம்முகத்தில் ஒரே திசையில் ஓடும் நுண்சால்களும் தெரியும். உலக முழுவதும் மண்ணாராய்ச்சியாளர் ஒரு நிலத்தைக் கரிசல் வகுப்பில் சேர்ப்பதற்குத் தேடும் அடையாளங்களில் தலையாயது இதுவே. இதற்கு அவர்கள் வழங்கும் ஆங்கிலப் பெயர் ‘ஸ்லிக்கன்ஸைடு’. அது எந்தப் பண்டிதர் ஆக்கிய சொல்? எவரும் ஆக்கவில்லை. இங்கிலாந்தில் டெர்பிஷயர் சுரங்கங்களில் ஈயம் வெட்டிய கூலிகள், வழுவழுப்பான பாறைப் பக்கத்தைத் தங்கள் கொச்சையில் அப்படி அழைத்தார்கள். சாஸ்திரம் அதைத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டது.

பாறைகளிலும் இத்தகைய சான்று உண்டு. ராஜபாளையத்தைச் சூழ்ந்த பாறைகள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. உலகத்துக் கனிஜ நூலார் இவ்வூர்ப் பெயரை நன்கறிவார்கள். இப்பிரதேசத்தில் கிடைக்கும் கருங்கல்லை உடைத்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தால், பெல்ஸ்பார் என்னும் வெளிறிய கனிஜத்தில் ஒருவகையின் முகத்தில், மயிரிழையினும் நுண்ணிய இணைச் சால்கள் ஒளியில் மின்னும். பெல்ஸ்பாரின் வகைகளைக் கையில் வைத்தே பிரித்தறிவதற்கு மாணவன் முதலில் தேடவேண்டியது இந்தச் சால்களைத்தான். இவை பனி கீறியவையல்ல; மண் வழுக்கியவையுமல்ல. படிகம் வளரும்போதே அதன் உட்கட்டு மாறிமாறி அமைந்ததால் விளைந்தவை.

மனிதன் வேண்டுமென்றே வெட்டும் சால்களும் உண்டு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் அவ்வூர் நூலாலைகளுக்குப் பேர்பெற்றது. நூற்பு யந்திரத்தில் பஞ்சுத்திரியை இழுத்து மெலிதாக்கும் உருளைகளில், கீழுருளை எஃகினாலானது. அதன் உடலில் நெடுக இணையான சால்கள் வெட்டப்பட்டிருக்கும். மேலே ரப்பர் போர்த்த உருளை அழுத்தும். பஞ்சிழை வழுக்காமல் பிடிபடுவதற்கே அச்சால்கள். முன்னிருக்கும் ஜோடி பின்னிருப்பதைவிட வேகமாகச் சுழல்வதால் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி நீளுகின்றன. ஒரு சாலில் அழுக்கோ காயமோ ஏற்பட்டால் நூலில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும். இதை அறிந்த தொழிலாளிக்கு இணைச்சால் என்றால் என்னவென்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வரி வேறு, சால் வேறு

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இன்று நம் பாடநூல்களில், எலும்போடு இணைந்து நம் விருப்பப்படி இயங்கும் தசையை ‘வரித்தசை’ என்கிறார்கள். அழகிய சொல். 1682-இல் லீவன்ஹூக் தம் கண்ணாடியால் தசைநாரில் குறுக்குக் கோடுகளைக் கண்டார். 1840-இல் பௌமன் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். 1954-இல் ஹக்ஸ்லி என்னும் பெயருடைய, உறவினரல்லாத இருவர் தத்தம் துணைவர்களுடன் தனித்தனியே ஆராய்ந்து, அக்கோடுகள் இருவகைப் புரத இழைகள் அடுக்காக அமைந்திருப்பதால் தோன்றுகின்றனவென்றும், தசை சுருங்கும்போது ஓரிழை மற்றோரிழையின்மேல் நழுவிச் செல்கிறதென்றும் காட்டினார்கள். ஆகவே தசையில் உள்ளவை வெளிச்சமும் இருளுமாக மாறிமாறி வரும் பட்டைகள். அங்கே பள்ளமில்லை, மேடுமில்லை. ‘வரி’ என்னும் சொல் அதற்கு முற்றும் பொருந்தும்.

ஆனால் அதே ‘வரி’யைப் பாறையின் பள்ளக் கோட்டுக்கும் சூட்டுவது பொருந்துமா? பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம். தமிழன் வரி என்று சொல்லும்போது பள்ளத்தை நினைப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டில் உலாவுவது வரிப்புலி. அதன் தோலைத் தடவினால் வரி கைக்குத் தட்டுப்படாது. அணிலின் முதுகில் ஓடுவதும் வரியே. ஏட்டில் எழுதுவதும் வரி. சிலப்பதிகாரத்தில் கானல் வரி, வேட்டுவ வரி என்று பாட்டுக்கும் அப்பெயருண்டு. அரசாங்கம் வாங்குவதும் வரி. அதில் மட்டும் பள்ளம் விழுவது குடிகளின் மடியிலே. கண்ணுக்குத் தெரியும் கோடு வரி. கைக்குத் தட்டுப்படும் கோடு சால். காட்டுப் புலிக்கு வரியும் கரிசல் காட்டுக்குச் சாலும் என்று ஒரே தாலுக்காவின் ஜனங்கள் இவ்விரண்டையும் தவறாமல் பிரித்தே பேசுகிறார்கள்.

ஐரோப்பியச் சொல்லோ இவ்விரண்டையும் குழப்பிவிட்டது. 1664-இல் தாமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர் மூளையின் உள்ளே சாம்பல் நிறப் பகுதியில் வெள்ளை நார்கள் கீற்றுக் கீற்றாக ஓடுவதைக் கண்டு, ‘ஸ்ட்ரியா’ என்ற அடியிலிருந்தே அதற்குப் பெயரிட்டார். அங்கே பள்ளமொன்றுமில்லை. அது முதல் லத்தீன் உழவனின் சால், நிறக் கோட்டையும் குறிக்கலாயிற்று. இன்று ஆங்கிலத்தில் ஒருவர் இச்சொல்லை எழுதினால், அவர் கருதுவது பள்ளமா பட்டையா என்பதை இடம் நோக்கியே அறியவேண்டும். நம்மிடம் இரண்டு பொருளுக்கு இரண்டு சொற்கள் இருக்க, பிறர் குழப்பத்தை நாம் விலைகொடுத்து வாங்குவானேன்? இந்த ஒரு விஷயத்தில் தமிழ், ஆங்கிலத்தினும் தெளிவாகச் சாஸ்திரம் பேச வல்லது.

எமது யோசனை

ஆதலின், இணையான நுண்பள்ளங்களுக்கு ‘வரிச்சால்’ என்றும், நிறப்பட்டைக்கு ‘வரி’ என்றும், தனியே அகன்று ஓடும் பள்ளத்துக்குச் ‘சால்’ என்றும் வழங்கலாம் என்பது எமது யோசனை. பனிக்கட்டி கீறியதைப் பனிச்சால் என்க. மண்ணோ பாறையோ உராய்ந்து வழுக்கியதால் வந்ததை வழுக்குச்சால் என்க. வினையாக்க வேண்டின், ‘பாறை சாலிட்டிருக்கிறது’ எனலாம். அடைமொழியாக்க வேண்டின், ‘வரிச்சாலுடைய படிகம்’ எனலாம். ஒரு பரிபாஷைச் சொல்லுக்கு வேண்டிய இலக்கணம் மூன்று: கேட்டவுடன் பொருள் தோன்ற வேண்டும், பெயரும் வினையும் அடையுமாகக் கிளைக்க வேண்டும், இரு பொருளை ஒன்றாகக் குழப்பலாகாது. இம்மூன்றிலும் ‘சால்’ தேறுகிறது.

இதற்கு ஆட்சேபம் சொல்வோரும் உளர். கமலையில் நீர் இறைக்கும் ஏற்றுப் பாத்திரத்துக்கும் பெரிய மிடாவுக்கும் சால் என்று பெயருண்டே, குழப்பம் வராதா என்பர். வராது. பாறையைப் பற்றிப் பேசுகையில் கமலையை நினைப்பவன் எந்தச் சொல்லிலும் தடுமாறவே செய்வான். உழவுச் சொல் கொச்சையாயிற்றே என்பர் வேறு சிலர். லத்தீன் உழவனின் சொல் கொச்சையாகாது, தமிழ் உழவனின் சொல் மட்டும் கொச்சையாகும் என்பது அடிமை மனப்பான்மையேயன்றி வேறில்லை. இலக்கணம் கற்காத நம் கருமான், திருகாணியின் சுற்றுச்சாலுக்கு ‘மரை’ என்றும், தச்சன் பலகையில் வெட்டும் நெடும்பள்ளத்துக்குக் ‘காடி’ என்றும் பெயர் வைத்துக்கொண்டு தன் காரியத்தைத் தடையின்றிச் செய்து வருகிறான். விவசாய இலாகாவும் பருத்தி விதைப்பைப் பற்றி எழுதும்போது ‘பாரும் சாலும்’ என்று குடியானவன் சொல்லையே எடுத்தாள்கிறது. அதனால் அந்தச் சாஸ்திரத்துக்கு என்ன குறை வந்தது?

முன்னோர் செய்த முயற்சிகளை நாம் மறந்தோமில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியரான ஸாமுவேல் கிரீன், தமிழிலேயே வைத்தியம் கற்பித்து நூல்களை மொழிபெயர்த்தார். 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திரச் சொற்களுக்கென்றே ஒரு சங்கமும் பத்திரிகையும் நடத்தினார்கள். 1936-இல் சென்னையில் சுவாமி விபுலானந்தர் தலைமையில் சொல்லாக்க மகாநாடு கூடிற்று. அதன் பயனாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்களின் தொகுதியை வெளியிட்டது. 1940-இல் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு ஸம்ஸ்கிருதச் சொற்களின் பக்கம் சாய்கிறதென்று தமிழறிஞர் கிளர்ச்சி செய்ததும் சரித்திரம். இலங்கையில் இன்றளவும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடியும் வரை விஞ்ஞானத்தைத் தாய்மொழியிலேயே கற்கிறார்கள். நம் ராஜ்யத்திலும் ‘சொற்குவை’ என்ற பெயரில் சொற்கள் திரட்டப்படுகின்றன. ஆகவே சொல் இல்லை என்னும் புகாருக்கு இடமில்லை. சொற்களை ஆக்குகிறவர்கள் அறைக்குள் அமர்ந்து அகராதியைப் புரட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே நமது குறை.

காலம் தாழ்த்தலாகாது

இதில் அவசரமும் உண்டு. கலப்பையும் கமலையும் நம் கண்முன்னே மறைந்து வருகின்றன. ஏருக்குப் பதில் டிராக்டர் வந்துவிட்டது, வயல்கள் மனைகளாகின்றன. குடியானவன் வீட்டுப் பிள்ளையே இன்று சால் என்றால் என்ன என்று கேட்கும் நிலைமைக்கு வந்துகொண்டிருக்கிறான். ஒரு தொழில் மறைந்தால் அதன் சொற்களும் உடன்கட்டை ஏறுகின்றன. லத்தீன் உழவன் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவன் பாஷையும் பேச்சு வழக்கொழிந்தது. ஆயினும் அவன் இட்ட சால், பாறையிலும் படிகத்திலும் மூளையிலும் தசையிலும் இன்றும் பெயராய் வாழ்கிறது. சாஸ்திரத்தில் இடம்பெற்றதனாலேயே அது பிழைத்தது. நம் உழவனின் சொல்லுக்கும் அந்த வாழ்வை நாம் தேடித்தர முடியும். அல்லது அவனோடு சேர்த்து அதையும் புதைத்துவிட முடியும். இரண்டில் எதைச் செய்யப்போகிறோம் என்பதே கேள்வி.

பிள்ளைகளின் நன்மையும் இதில் அடங்கியிருக்கிறது. ‘ஸ்டிரையேஷன்’ என்று நெட்டுருச் செய்தவன் தன் காலடியில் கிடக்கும் கரிசல் கட்டியைத் திருப்பிப் பார்க்கமாட்டான். அது புஸ்தகத்தில், ஸ்விட்ஜர்லாந்தில் உள்ள பொருள் என்றே எண்ணுவான். ‘பாறையின்மேல் சால் ஓடுகிறது’ என்று கேட்டவனோ, உடனே தன் ஊர்க் கல்லிலும் மண்ணிலும் அதைத் தேடப் புறப்படுவான். தேடுகிறவனுக்கே சாஸ்திரம் வசப்படும். ஆங்கிலச் சொல்லை அவன் பின்னர்த் தெரிந்துகொள்ளட்டும். அதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. பொருளை அறிந்தபின் வரும் அயற்சொல் கருவியாகிறது. பொருளை அறியுமுன் வரும் அயற்சொல் சுமையாகிறது.

ஆகையால் உபாத்தியாயர்களுக்கும், தமிழ்த் தொண்டு புரியும் இளைஞர்களுக்கும் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். உங்கள் ஊரில் ஏர் ஓட்டிய முதியவர்களிடமும், உளி பிடித்த தச்சரிடமும், கல் தச்சரிடமும், ஆலைத் தொழிலாளரிடமும் செல்லுங்கள். பள்ளத்துக்கு எத்தனை பெயர், கோட்டுக்கு எத்தனை பெயர், உராய்வுக்கும் வழுக்கலுக்கும் எத்தனை பெயர் என்று கேட்டு, ஊரும் தொழிலும் குறித்து எழுதிவையுங்கள். சொல்லாக்கக் குழுவினர் கூடும்போது அந்தக் குறிப்பேடு அவர்கள் முன் இருக்கட்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இவ்வேலையை நாளையே தொடங்கலாம். அதற்குச் சர்க்கார் உத்தரவு எதுவும் தேவையில்லை. காகிதமும் பென்சிலும், பெரியவர் பேசுவதைக் கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும்.